காயாத கடல்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் மாலைநேர ஓவிய வகுப்பு. நூறாண்டுக்கு முந்திய அமெரிக்க ஓவியர் ஒருவரின் கடற்கரைப் படத்தைப் பார்த்து, டொறத்தியும் அவள் தம்பி மனைவி சுஜீவாவும் எண்ணெய் வர்ணத்தில் வரைந்து முடித்திருக்கிறார்கள். சன்னல் வெயில் இரண்டு படங்களிலும் விழுகிறது. டொறத்தியின் பாறைகள் அசல் படம்போலவே அச்சொட்டாக இருக்கின்றன. அலைதான் அசைய மறுக்கிறது. சுஜீவாவின் கடலோ, வர்ணக் கத்தியால் அள்ளி அப்பிய தடித்த நீலத்தில் புரண்டு வருகிறது. வகுப்பிலிருந்து கண்காட்சிக்கு ஒரு படம்தான் போகும். ஆசிரியை சுஜீவாவின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்று, தலையசைத்துவிட்டுப் போகிறாள்.

"நீங்கள் கூட்டிக்கொண்டு வராட்டி எனக்கு இதெல்லாம் தெரியுமே, மச்சாள்?" என்றபடி சுஜீவா தூரிகைகளைக் கழுவப் போகிறாள். டொறத்திக்கு வயிறு பற்றி எரிகிறது. யாரும் பார்க்கவில்லை. அவள் பெருவிரல் சுஜீவாவின் ஈர அலையின் முகட்டில் அழுந்திப் புதைந்து எழுகிறது. திரும்பினால், வர்ணம் துடைக்கும் டர்பன்டைன் துணியோடு சுஜீவா நிற்கிறாள். நசுங்கிய அலையைப் பார்க்கிறாள்; நீல விரலைப் பார்க்கிறாள்.

"காயேல்லை எண்டு சொல்ல மறந்திட்டன். சட்டையில பட்டால் போகாது, கையைத் தாங்கோ மச்சாள்."

குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைத்துவிடுகிறாள். நீலம் போய்விடுகிறது. இந்த நல்ல மனமும் இவளுக்குத்தானா என்று டொறத்திக்கு இன்னும் எரிகிறது.