கம்பியா, பலகையா?

அக்கா வீட்டுத் தோட்டத்துக்கும் தங்கை வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே வேலி போட ஆள் வந்திருந்தார்.

“மரப்பலகையே போடுங்க. நெருக்கமா, ஆள் உயரத்துக்கு” என்றாள் அக்கா.

“மரம்னா கரையான் அரிச்சிடும்க்கா. ஸ்டீல் கம்பி போட்டா காலத்துக்கும் நிக்கும்” என்றாள் தங்கை.

“தங்கச்சி சொல்றதுதாம்மா சரி” என்றார் வேலிக்காரர். “கம்பின்னா காத்து வரும், வெளிச்சமும் வரும்.”

“எனக்குக் காத்தும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். மறைப்புதான் வேணும்” என்றாள் அக்கா.

தங்கைக்கு முகம் சுண்டிப்போனது. “அப்படி என்னக்கா எங்கிட்டேருந்து மறைக்கப் போறே?”

அதற்குள் அக்காவின் மகள் பந்தோடு ஓடி வந்தாள். “சித்தி, வேலி போட்டாலும் நான் விளையாட வரலாமா?”

தங்கை வாயெடுப்பதற்குள், “உள்ளே போடி” என்று அவளை விரட்டினாள் அக்கா. வேலிக்காரர் அளவு நாடாவோடு தோட்டத்தின் கோடிக்குப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ பெத்து என் மடியில போட்டப்போ யார் சாயலும் தெரியல. இப்ப நாளுக்கு நாள் உன்னை உரிச்சு வெச்ச மாதிரி வர்றா. ரெண்டு பேரும் பக்கத்துல நின்னா, யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவே வேண்டாம். அப்புறம் என்னை அம்மான்னு கூப்பிடுவாளா?”

தங்கை கையை விடுவித்துக்கொண்டாள். தோட்டக் கோடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“பலகையே போட்டுடுங்க, அண்ணே.”