மச்சம் எங்கே போகும்?

“எல்லாம் சரி தம்பி. ஆனா மச்சம் எங்க போகும்?” என்று ஒற்று கேட்டதும் நூலக மாடியே சிரித்தது.

அண்ணன் இன்னும் கதையை வாசித்து முடிக்கவில்லை. மைக்குக்கு முன்னால் நின்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் குறுக்கே விழுந்து கேட்க ஒற்றால்தான் முடியும்.

ஒற்று என்பது நாங்கள் வைத்த பெயர். ஒரு நாளிதழில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். கதையில் யார் செத்தாலும் கண் கலங்க மாட்டார். ஒரு ‘க்’ விட்டுப்போனால் துடித்துப்போவார். வாசிப்புக் கூட்டத்துக்கு வருகிற எல்லோருக்கும் கதையின் நகல் கொடுத்தாக வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

“கதை முழுக்க நிகழ்காலம். பையன் வர்றான், குடையை மடக்குறான், அம்மாவை வம்புக்கு இழுக்கிறான். மச்சம் மட்டும் ‘இருந்தது’ன்னு போட்டிருக்கு. பையன் இங்க இருக்கான், மச்சம் எங்க போச்சு?”

என் நகலைப் பார்த்தேன். ‘இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது.’ அண்ணன் வாசித்த வேகத்தில் எனக்குத் தட்டுப்படவே இல்லை. அவருக்கும் தட்டுப்படவில்லை போல.

அண்ணன் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடும் அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் எழுதுவதெல்லாம் ஒரே கதைதான் என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு. அவர் காதுபடச் சொல்ல மாட்டோம்.

அவருடைய மகன் ஒருநாள் வேலைக்குப் போனவன், வீடு திரும்பவில்லை. தேடாத இடமில்லை. அன்றிலிருந்து அவர் கதைகளில் மட்டும் அவன் தவறாமல் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான். ஒரு கதையில் மீசையோடு வருவான், இன்னொன்றில் பெண்டாட்டியோடு வருவான். எல்லாமே நிகழ்காலத்தில்தான்.

“இறந்தகாலம்னு பேர் வெச்சவன், அவன் புள்ளையைப் பத்தி அதுல எழுதிக்கட்டும்” என்று ஒருமுறை ஒற்றிடமே சொல்லியிருக்கிறார்.

இப்போது மைக்கில் சிரித்துக்கொண்டே, “நான் ‘இருக்கிறது’ன்னுதான் எழுதினேன்” என்றார். பின்வரிசையைப் பார்த்தார்.

பின்வரிசையில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அண்ணனின் கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். அவர் எழுதுவதையெல்லாம் கணினியில் தட்டச்சு செய்து கொடுப்பவர். அண்ணி அடித்த தாளில் தனக்கு வேலையே இல்லை என்று ஒற்றே பலமுறை அலுத்துக்கொண்டதுண்டு.

அண்ணி எழுந்து நின்றார். “நான்தான் தப்பா அடிச்சிட்டேன்.”

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார்.

அண்ணனின் சிரிப்பு நின்றது. தாளைப் பார்த்தார். மறுபடி அண்ணியைப் பார்த்தார்.

“எப்ப?” என்றார்.

எப்போது தட்டச்சு செய்தது என்று கேட்கிறார் என நினைத்தோம். எப்ப அடிச்சா என்ன தம்பி, திருத்திக்கலாம் என்று ஒற்றுகூடச் சமாதானம் சொன்னார்.

“உங்களுக்கு ஆபரேஷன் நடந்த வாரம்” என்றார் அண்ணி. “பிணவறையில அந்த மச்சத்தைப் பார்த்துத்தான் நம்ம புள்ளைன்னு அடையாளம் சொன்னேன்.”



அண்ணனுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்த அந்த வாரம், ஒரு பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணையாக இருந்தவன் நான். அக்கா வீடு வரை போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் போன அண்ணி, சாயங்காலம் திரும்பி வந்து, உங்களுக்கு வீண் சிரமம் என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை கம்மி என்று வேறு நான் சொன்னேன். உடனே எழுந்து போய் வாங்கி வந்து போட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை கதைகள். ஒவ்வொன்றிலும் அவனை வீட்டுக்கு வரவழைத்து, காலம் மாறாமல், பிழையில்லாமல் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார்.

ஒற்று மேடைக்கே போய், இறங்கி வந்துவிடும்படி அண்ணனிடம் கை நீட்டினார். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். கடைசிப் பக்கம் பாக்கி இருந்தது.

வாசிக்க ஆரம்பித்தார்.

என் நகலில் ‘சிரிக்கிறான்’ என்று இருந்தது. அவர் ‘சிரித்தான்’ என்று வாசித்தார். ‘பசிக்கிறது என்கிறான்’ என்று இருந்ததை ‘என்றான்’ என்று வாசித்தார். ‘அம்மாவின் தோளில் சாய்கிறான்.’ சாய்ந்தான். ஒன்றையும் விடவில்லை. பின்வரிசையில் அண்ணி நின்றபடியே, சரி என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். அழுதுகொண்டேதான் அசைத்தார்.

கடைசி வரி வந்தது. மகன் மறுபடி எங்கோ வெளியே கிளம்புகிறான், கிளம்பினான். அம்மா வாசலில் நிற்கிறாள், நின்றாள்.

‘இருட்டுவதற்குள் வந்துவிடுவான்.’

எல்லாக் கதைகளையும் அவர் அந்த வரியில்தான் முடிப்பார். இன்றும் அப்படியே வாசித்தார், ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாற்ற வேண்டியிருக்கவும் இல்லை. இத்தனை நாளும் இனிமேல் வரப்போகிறவனைச் சொன்ன அதே சொல், இப்போது, முன்பெல்லாம் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒருவனைச் சொன்னது.