ஸ்டீரியோ மாட்டிய மறுநாள்

தெய்வசிகாமணி சாவியைத் திருகினார். ஸ்டீரியோ தாலாட்டு பாடியது. அதைக் கேட்டு வண்டியே தூங்கிவிட்டது போலிருந்தது.

மறுபடியும் திருகினார். விட்ட இடத்திலிருந்து தாலாட்டு தொடர்ந்தது. எஞ்சினில் ஒரு முனகல்கூட இல்லை.

தன் கையாலேயே கெடுத்தாயிற்று.

முப்பத்தோரு வருஷம் அரசாங்க ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர், யூடியூபில் யாரோ சொன்னதை நம்பி நேற்று சாயங்காலம் தன் சொந்தக் காரின் டேஷ்போர்டைப் பிரித்தார். ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய ஸ்டீரியோவை உள்ளே தள்ளி மூடினார். நான்கு ஸ்க்ரூவில் இரண்டு மாட்டிக்கொண்டன. மற்ற இரண்டும் காலடியில் விழுந்து, அங்கேயே எங்கோ குடித்தனம் நடத்துகின்றன.

எல்லாம் பேத்திக்காக. பிறந்து நாலு நாள் ஆகிறது. இன்று செவ்வாய்க்கிழமை. பத்தரைக்கு எமகண்டம் முடிந்ததும் மகள் பூர்ணிமாவையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து உழவர்கரை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "எம் பேத்தி தாத்தா வண்டியிலதான் வரும்" என்று நர்சு முதல் லிஃப்ட் ஓட்டுகிறவர் வரை சொல்லி வைத்திருந்தார். முதல் பயணமே பாட்டோடு இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டதுதான் வினை.

மணி எட்டேகால்.

ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். அதன் மேலிருந்த எண்களை எறும்பு படிப்பதற்காக அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தடவிப் பிடுங்கி, தடவியே மாட்டினார். தாலாட்டு நின்றது, வந்தது. வண்டி எழுந்திருக்கவில்லை.

ஹாரன் அடித்துப் பார்த்தார். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. எதிர் வீட்டு நாய் எழுந்து வந்து அவரை ஒரு பார்வை பார்த்தது.

ஸ்டீரியோவையே பிடுங்கிப் பின்சீட்டில் போட்டார். இப்போது இரண்டுமே பாடவில்லை. ஒரு விதத்தில் நியாயம்தான்.

பானெட்டைத் தூக்கினார். ஜீப்பின் இருமலை வைத்தே வியாதி சொன்னவர். குனிந்தார், நிமிர்ந்தார், ரேடியேட்டரைத் தட்டினார். எஞ்சின் எஞ்சினாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

மனைவி அஞ்சலாட்சி வாசலுக்கு வந்தாள். பட்டுப்புடவை, தலையில் கனகாம்பரம், கையில் குழந்தையைச் சுற்றுவதற்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டி.

"கெடச்சிதாங்க?"

அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

போன மாதம் கரண்டு கம்பத்தில் உரசி வண்டியின் இடது பக்கக் கண்ணாடி உடைந்தபோது, பொழுது சாயும்வரை திட்டினாள். அந்தக் கம்பம் முப்பது வருஷமாக அங்கேயேதான் நிற்கிறதாம். அவரிடம்தான் யாரும் சொல்லவில்லை. கண் டாக்டரிடம் போகலாம் என்றாள். உடைந்தது வண்டிக் கண்ணாடி, நீ என் கண்ணை ஏன் இழுக்கிறாய் என்று கேட்டு அவர் அந்தப் பேச்சை முடித்துவைத்தார்.

அப்படிப்பட்டவள், பேத்தி வருகிற நாளில் வண்டியைக் கெடுத்தவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்பதுக்கு மறுபடியும் வந்தாள்.

"பானெட்டுக்குள்ள இன்னொரு தரம் பாருங்களேன். அவசரப்படாம, நெதானமா."

டிரைவருக்கே பாடமா என்று முறைத்தார். ஆனால் அவள் குரலில் கேலி இல்லை. கெஞ்சல் மாதிரி ஏதோ இருந்தது. அதனால் பார்த்தார். பேட்டரி இருந்தது. ரேடியேட்டர் இருந்தது. அவருடைய நெற்றி வேர்வை ஒரு சொட்டு அதன் மேல் விழுந்தது.

அவர் நிமிரும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு அந்த வேட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒன்பதரைக்குத் தெருமுனை மெக்கானிக் பாவாடை வந்தான். வெறுங்கையோடு வந்தான். ஸ்பேனர் இல்லாத பாவாடையை தெய்வசிகாமணி அவன் கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறார்.

அவன் வண்டியைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலைப் பார்த்தான். அங்கே வந்து நின்ற அஞ்சலாட்சி, 'இல்லை' என்று தலையாட்டினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போனில் யாரிடமோ, பத்து மணிக்கு ஆட்டோ வேண்டும் என்று சொல்வது கேட்டது.

"டேய் பாவாடை, இன்னாடா முழிக்கிற? அந்த ஸ்டீரியோ கருமத்த மாட்டி நான்தான கெடுத்துட்டேன்? சொல்லித் தொலடா."

பாவாடை மட்கார்டில் இல்லாத தூசியைக் கையால் துடைத்தான். பானெட் கம்பியைச் சரி பார்த்தான். கடைசியில் அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"ஸ்டீரியோவுல ஒண்ணுமில்லண்ணே. காலைல நீ பால் வாங்கப் போனப்ப, ஸ்டார்ட்டர் ஒயர நான்தான் கழட்டி உட்டேன். அண்ணிதான் கழட்டச் சொல்லிச்சு. 'அவரே பாத்து மாட்டிட்டாருன்னா அவரே போய் கொழந்தைய கூட்டினு வரட்டும், நான் வாயத் தொறக்கல. தெரியலன்னா ஆட்டோதான்'னு சொல்லிச்சு. நீ தோத்துடக் கூடாதேன்னு அதும்மேல செவப்பு ரிப்பன்கூட கட்டி உட்டுச்சுண்ணே. இதோ, ஒன் எடது கையாண்டதான் தொங்கிக்கினு இருக்குது."