நிலக்கடலைத் தடம்

கோடை இரவு மணி ஒன்பதரை ஆகியும் இங்கிலாந்தின் டெவன் வானத்தில் வெளிச்சம் வற்றவில்லை. மண்ணைத் தோண்டிப் புழு தின்னும் பேட்ஜர் என்ற வளைக்கரடியைப் பார்ப்பதற்கென்று தோட்டத்துக் கடைசியில் வில்ஃப் அடித்துவைத்த பலகைக் குடிலுக்குள் அவனும் மனைவி மியூரியலும் முழங்கால் இடிபட உட்கார்ந்திருக்கிறார்கள். பிளாஸ்க் மூடியைத் திருகினால்கூடச் சத்தம் போகும் என்று அவள் தேநீரை ஆறவிட்டிருக்கிறாள். வளைக்குள்ளிருந்து கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முகம் ஒன்று எட்டிப்பார்க்கிறது. பின்னாலேயே இன்னும் இரண்டு. காற்றை மோந்துவிட்டு, அவள் இறைத்த நிலக்கடலையைக் கடித்தபடி அவை நகர்கின்றன. மூன்று வாரமாக அந்தக் கடலை நாளுக்கு இரண்டடி தள்ளி விழுகிறது. இன்று வேலியைத் தாண்டி, பாய் விரித்ததுபோல் சமமான புல்லில் பந்துருட்டி விளையாடும் கிளப்பின் புல்தரைக்குள்ளேயே மண்ணில் அழுத்தி வைத்திருக்கிறாள். வில்ஃப் இருபத்திரண்டு வருஷம் பிள்ளைபோல் வளர்த்த புல். போன மாதம் கிளப் செயலாளர் பெர்சி ஹாட்கின் இரண்டு வரிக் கடிதத்தில் அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டான். நாளைக் காலை அங்கே இறுதிப் போட்டி.

முன்னால் போனது புல்லில் நகத்தை இறக்குகிறது. வேர் அறுபடும் சத்தம் குடில்வரை கேட்கிறது. வில்ஃப் பைனாகுலரை இறக்கி அவள் பக்கம் திரும்புகிறான். "அடிப்பாவி, இது உன் வேலையா?" "ஆமா, என் வேலைதான். நாளைக்குப் பெர்சி பாத்து வயிறெரியட்டும். மனசு கேக்கலேன்னா போய் விரட்டு, கிழவா." அவன் எழுகிறான். பலகை முனகுகிறது, வளைக்கரடிகள் தலைதூக்கி அசையாமல் நிற்கின்றன, அவளும் மூச்சை அடக்குகிறாள். கிழிந்த புல்லைப் பார்த்துவிட்டு அவன் கடலைப்பைக்குக் கை நீட்டுகிறான். "ஓரத்துல போட்டு என்ன பிரயோஜனம்? நட்டநடுவுலதான் ஈரம் நிக்கும், புழு விரல் தண்டி கிடக்கும். உனக்கு அவ்வளவு தூரம் எறிய வராது. தா இங்க."