எல்லாருக்கும் ஒரே அளவு

"என்னோட அழுகை கேக்கவே இல்லையே பினோய்!"

ஒலிப்பதிவாளர் பினோயின் ஸ்டுடியோவில் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார் சுகதன். காதில் மாட்டியிருந்த ஹெட்போன் வயர் இழுத்ததில் மறுபடி உட்கார்ந்தார்.

கேசவன் மாஷ் இறந்து இன்று நாற்பத்தொன்றாம் நாள். பள்ளி வாத்தியார்; முப்பது வருடம் ஊர் நூலகத்தின் தலைவராக இருந்தவர். இரங்கல் கூட்டத்தில் பதிவானதை இன்று நான்கு மணிக்கு நூலக மண்டபத்தில் போடப் போகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, அடுத்த தலைவர் யார் என்று மாஷின் மனைவி பாரதி டீச்சர் சொல்வார். அவர் சொன்னால் கமிட்டியில் மறுபேச்சு கிடையாது. சுகதனா, தேவசியா? ஒரு வாரமாகச் சுகதனுக்குச் சோறு இறங்கவில்லை.

"தேவசிச் சேட்டன் மைக்கையே முழுங்கற மாதிரி நின்னு கத்தினார். நீங்க துண்டால வாயைப் பொத்திக்கிட்டு, திரும்பி நின்னு அழுதீங்க. மைக் என்ன பண்ணும்?" என்றார் பினோய்.

"துக்கத்துல மைக் எங்கேன்னு பாத்துக்கிட்டா அழுவாங்க? அவன் சத்தத்தைக் குறை. என்னோடதைக் கூட்டு."

"அப்புறம் அவர் என்னை உரிச்சுப் போடுவார். இந்த மென்பொருள்ல விட்டா எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துடும் சேட்டா. முழங்கினாலும் சரி, முணுமுணுத்தாலும் சரி, ஒரே சத்தம்."

"சபாஷ்! சமத்துவம். மாஷ் அதுக்குத்தானேடா வாழ்ந்தார்?"

திரையில் எட்டுப் பதிவுகள் வரிசையாக நின்றன. பினோய் ஏழுக்கு மட்டும் டிக் போட்டார்.

"எட்டாவதை ஏன் விட்டே?"

"அது வேண்டாம் சேட்டா. அது யாரோட பேச்சும் இல்ல…"

"யாரோடதா இருந்தா என்ன? என்னோடதை மட்டும் சுகதன் அமுக்கிட்டான்னு நாளைக்கு எவனாவது கிளப்புவான். போடு!"

"அதுல ஒண்ணுமே இல்ல, கேளுங்க…"

"ஒண்ணுமில்லாதவனைத்தான்டா முதல்ல தூக்கி விடணும்!"

மேடைப் பேச்சு தொடங்கிவிட்டால் சுகதனை நிறுத்த முடியாது. பினோய் எட்டாவதுக்கும் டிக் போட்டுப் பொத்தானை அழுத்தினார். மணி மூன்றே முக்கால். போட்டுக் கேட்க நேரமில்லை. பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார் சுகதன்.

மண்டபம் நிறைந்திருந்தது. தேவசியின் முழக்கம் சாதுவாக அடங்கி வந்தது. ஏழாவதாகச் சுகதன். அடடா! ஒவ்வொரு விம்மலும் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். தேவசியே மூக்கைச் சிந்தினார்.

பாரதி டீச்சர் தழுதழுத்தபடி எழுந்தார்.

"இவ்வளவு அழுதியா சுகதா? அன்னைக்கு எனக்குக் கேக்கவே இல்லையே! இனிமே யோசிக்க என்ன இருக்கு? அடுத்த தலைவர்…"

அதற்குள் பதிவில் செயலாளரின் குரல் குறுக்கிட்டது. "இறுதியாக, மாஷின் நினைவாக எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து மௌனமாக நிற்போம்."

பழக்க தோஷம், மண்டபமே எழுந்து நின்றது. டீச்சரும் பேச்சை நிறுத்தித் தலை குனிந்தார். எல்லாரையும் விட அதிகமாகக் குனிந்தவர் சுகதன்தான்.

எட்டாவது பதிவு தொடங்கியது. ஒலிபெருக்கியில் மின்விசிறி புயலாக இரைந்தது. யாரோ இருமியது இடிபோல விழுந்தது. அடுத்து, அன்றைக்கு மேடையில் பக்கத்து நாற்காலிக்காரரின் காதோடு சுகதன் கிசுகிசுத்தது, தேவசியின் முழக்கத்துக்கு இம்மியும் குறையாத சத்தத்தில் மண்டபத்தை நிறைத்தது:

"எப்படிடா நம்ம அழுகை? டீச்சர் கவுந்துட்டாங்கல்ல?"