ஏழாம் வளைவு

2023 நவம்பர் 8, புதன்கிழமை, பிற்பகல் 3.10. பொள்ளாச்சியில் தூறல்.

திரையில் வெயில். பேருந்து ஏழாம் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. பின்சக்கரங்கள் நடுங்கின.

பிறகு சாலைக்குள் இறங்கின.

பயணிகள் வளைவுக்கேற்பச் சாய்ந்தபடியே மறைந்தனர்.

அவன் மீண்டும் அடிவாரத்திலிருந்து தொடங்கினான்.

கணினி விளையாட்டுகளை இயக்கும் மென்பொருள்கள், ஆயத்தமான கேம் எஞ்சின்கள், பல கிடைக்கின்றன. ஒளி, எடை, மோதல் அனைத்தையும் அவையே கணக்கிடும். அவன் அவற்றை ஏற்கவில்லை. ஐந்தாண்டுகளாகத் தானே ஒன்றை எழுதிவந்தான். அதில் ஒவ்வொரு பயணியும் தன் எடைக்கேற்பச் சாய்வார். மடியில் கூடை இருந்தால், சற்றுத் தாமதமாக.

பிழை எங்கே என்பது அவனுக்குத் தெரியும். அந்த உலகின் எல்லாத் தூரங்களையும் அடிவாரப் பேருந்து நிலையத்திலிருந்தே அளந்திருந்தான். மேலே செல்லச் செல்ல எண்கள் பெருத்தன, கணினி கடைசித் தசமங்களை விட்டுவிட்டதால் நுணுக்கம் குறைந்தது. ஏழாம் வளைவுக்கு வரும்போது, சாலை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது சக்கரத்துக்கு உறுதியாகத் தெரிவதில்லை.

திருத்துவதென்றால் அடியிலிருந்து திருத்த வேண்டும். இன்னும் ஓராண்டு.

வெளியீட்டு நிறுவனம் கொடுத்த கெடு இன்று மாலை ஐந்து மணி. ஆயத்த எஞ்சினுக்கு மாறச் சம்மதம் என்று அவனும் அவன் கூட்டாளியும் எழுதித் தர வேண்டும். இல்லையேல் விளையாட்டை அது எடுத்துக்கொள்ளாது.

தாள் மேசைமேல் இருந்தது. வான்மதி கையொப்பமிட்டிருந்தாள்.

கல்லூரியில் உடன் படித்தவள். பேருந்து, சாலை, பயணிகளின் முகங்கள் எல்லாம் அவள் வரைந்தவை. அந்தப் பயணிகளில் ஒருவர்கூட இதுவரை மலையுச்சிக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

ஒருவர் செய்ததை மற்றவர் ஓட்டிப் பார்த்துக் குறை சொன்ன பிறகே ஏற்பது அவர்கள் வழக்கம். அவள் தன் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். இரண்டு விடுமுறை நாட்களில் அதே பேருந்தை ஆயத்த எஞ்சினில் ஏற்றியிருந்தாள். அவனிடம் சொல்லாமல்.

“ஓட்டிப் பாத்துட்டு நொட்டம் சொல்லு.”

ஓட்டினான்.

ஏழாம் வளைவு வந்தது. கடந்தது.

அவன் வேகத்தைக் கூட்டினான். எட்டாம் வளைவும் கடந்தது.

“ஒருத்தர்கூட அசையல. சாமி செலையாட்டம் உக்காந்திருக்காங்க.”

“ஆளுங்க ஆடறது இருக்கட்டும்டா. மொதல்ல பஸ்ஸு ரோட்டு மேல நிக்கோணும்.”

அவன் அடுத்த குறையைத் தேடினான்.

ஒன்பதாம் வளைவு. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. பேருந்து விளிம்பை ஒட்டித் திரும்பியது.

பயணிகள் அசையவில்லை.

பக்கத்து நாற்காலியில் வான்மதி வளைவுக்கேற்ப ஒருபக்கமாகச் சாய்ந்தாள். திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தான் சாய்ந்ததையும் அறியவில்லை.

அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான், தானும் அதே பக்கம் சாய்ந்து அவள் தோளில் இடிப்பதை உணர்ந்தான்.

நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கையொப்பமிட்டு, தாளை அவளிடம் கொடுத்தான்.