மவுஸ் இல்லாத ஆபீஸ்

"உன்னோடதெல்லாம் ஒரு எக்ஸ்டென்ஷனா? ஸ்கிரீன் பூரா அம்மை போட்ட மாதிரி இருக்கு!"

"உன்னோடது மட்டும் என்ன வாழுதாம்? ஒரு லிங்க்கைத் திறக்க அது பேரையே டைப் அடிக்கணும். அதுக்குப் பேசாம நடந்தே போயிடலாம்."

ரயில், பஸ் டிக்கெட் போட்டுத் தரும் அந்த ஆபீஸில் நெட்டைக்கும் சுருட்டைக்கும் ஒரு வாரமாக இதே சண்டை. மவுஸைத் தொடாமல் கீபோர்டைத் தட்டியே இன்டர்நெட்டில் உலாவ, பிரவுசரில் ஆளுக்கொரு எக்ஸ்டென்ஷனைப் பிடித்துப் போட்டு வைத்திருந்தார்கள். நெட்டையுடையது லிங்க் ஒவ்வொன்றின் மேலும் மஞ்சளாக இரண்டு எழுத்தை ஒட்டும். அதைத் தட்டினால் திறக்கும். சுருட்டையுடையதில் பேரைத் தட்டத் தட்ட அதுவே தேடிப் பிடிக்கும்.

இரண்டுமே அக்காவுக்குப் பிடிபடவில்லை. ஆபீஸிலேயே மூத்தவள் அவள்தான். நேற்று நெட்டையுடையதை முயன்று பார்த்தாள். ஒரு பயணியின் பேரில் 'எக்ஸ்' எழுத்து வந்தது. தட்டினாள். அந்த எக்ஸ்டென்ஷனில் 'எக்ஸ்' என்றால் 'மூடு' என்று அர்த்தமாம்; பக்கமே மூடிக்கொண்டு போய்விட்டது.

"அக்கா, மவுஸ்ங்கிறது நடைவண்டி. விட்டாத்தான் நடை வரும்" என்றான் நெட்டை.

"நாங்க ரெண்டு பேரும் அதைத் தொட்டே ஒரு மாசமாச்சு" என்றான் சுருட்டை. அதில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"கத்தினது போதும்! இப்பவே ஆளுக்கொரு டிக்கெட் போடுங்க. ஜெயிக்கிறவன் எக்ஸ்டென்ஷன்தான் நாளையிலேர்ந்து எல்லாருக்கும். மவுஸெல்லாம் பெட்டிக்குள்ள. பழக முடியாதவங்க, புகார் சொல்ற போனை எடுக்கப் போயிடலாம்."

அக்கா தன் மவுஸை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அந்த போனில் ஒரு நாள் உட்கார்ந்தவர்கள் மறுநாள் லீவு போடுவார்கள்.

இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். ஆபீஸே சுற்றி நின்றது. கீபோர்டுகள் படபடவென்று பொரிந்தன. இருவர் முகத்திலும் வேர்வை. மேசைகூட லேசாக ஆடியது.

பதற்றத்தில் அக்காவின் கையிலிருந்த பேனா நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. குனிந்து துழாவினாள். பேனாவை எடுக்க அவளுக்குக் கொஞ்சம் நேரமானது.

எழுந்தபோது முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

"முடிஞ்சது!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"அட, சமமாயிடுச்சே!" முதலாளி மோவாயைச் சொறிந்தார். "சரி, அக்கா சொல்லட்டும். யாரோடதைக் கத்துக்கறீங்க?"

அக்கா முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள்.

"யாரோடதுன்னாலும் சரிதான் சார், ரெண்டு பேர் வித்தையும் ஒண்ணுதான். ஒரே ஒரு சந்தேகம். மேசைக்கு அடியில கால் கட்டைவிரலால மவுஸை உருட்டும்போது, சாக்ஸைக் கழட்டிடணுமா, இல்லே போட்டுக்கிட்டே உருட்டலாமா?"